உங்களுக்கு இருபத்தேழு, எனக்கு இருபத்தெட்டு

லாத்தா,

இந்த வருடம் பிறையில் சண்டை இல்லை.

ஷஅபான் மாதத்தின் கடைசி மாலை அது. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துப் பக்கமிருந்து வீசிய காற்றில் உங்கள் பழைய வெள்ளைத் துப்பட்டி கொடியோடு சுற்றிக்கொண்டு வர மாட்டேன் என்றது. எத்தனை முறை துவைத்தாலும் நீங்கள் பூசும் அத்தர் வாசனை அதன் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பிரித்துக்கொண்டு நிற்கும்போது, பிறை தெரிந்துவிட்டது, இன்று இரவு தராவீஹ் தொழுகை என்று உங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அந்தக் குரல் ஓய்வதற்குள் எங்கள் பள்ளிவாசலிலும் அதே அறிவிப்பு. நான் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த நாளாக எப்போதோ ஓரிரு வருடம்தான் இரண்டு பள்ளியும் ஒரே மாலையில் ஒரே சேதி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் படியேறி மூச்சு வாங்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஜெய்னா, இந்த வாட்டி எல்லாருக்கும் ஒரே நோம்பு, ஒரே பெருநா. இனிமே பேஜாரே இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றார்.

நான் என்ன சொல்ல? உம்மத்து ஒன்று சேர்ந்ததற்கு ராயபுரத்திலேயே முகம் வாடிய ஒரே பொம்பளை நான்தான் என்றா சொல்ல முடியும்? நீங்கள் இருந்திருந்தால் எதிர்வீட்டுக் கதவில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். இரண்டு பிறை இருந்தால்தான் ஆளுக்கொரு பெரிய இரவு கிடைக்கும் என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்.

அதெல்லாம் ஆகி, நேற்றுதான் கேட்டது கிடைக்கும் என்கிற அந்தப் பெரிய இரவு, ரமளானின் இருபத்தேழாம் இரவு, வந்து போயிற்று. சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. மனதில் இருப்பதை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு நிறுத்திய கையெழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை முதன்முதலில் சரியாகப் பார்த்தது கறிவேப்பிலைக்கு வந்தபோது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த புதுப்பெண் நான். இந்தக் கட்டிடத்தில் லாத்தா, அக்கா என்று கூப்பிட யாரையும் தெரியாது. உங்கள் கதவு திறந்திருந்தது. உள்ளே நீங்கள் தொழுகைப் பாயில் ஸஜ்தாவில் இருந்தீர்கள். நெற்றி தரையில் இருக்கிறது. முதுகின் மேல் ஒரு பெண்பிள்ளை குப்புறப் படுத்து, கன்னத்தை உங்கள் தோளில் வைத்து, ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருக்கிறாள். கைக்குழந்தை என்றாலும் பரவாயில்லை. பாவாடை சட்டை போட்ட, காலெல்லாம் நீண்டு வளர்ந்த பிள்ளை.

நான் வாசலிலேயே நின்றேன். நிற்கிறேன், நிற்கிறேன், நீங்கள் எழுவதாக இல்லை. உயிர் போய்விட்டதோ என்றுகூட எனக்குப் பயம். கடைசியில் அவளாகவே சறுக்கி இறங்கினாள். நீங்கள் நிதானமாக எழுந்து, மிச்சத்தை முடித்து, ஸலாம் கொடுத்துத் திரும்பி, "இன்னாம்மா வேணும்?" என்றீர்கள்.

கறிவேப்பிலையை மறந்துவிட்டு, "எவ்ளோ நேரம் இப்டியே கெடப்பீங்க?" என்று கேட்டேன்.

"அவ எறங்குற வரிக்கும். எனுக்கு இன்னா அவசரம்? அல்லாகிட்ட தலைய வெச்சிகினு கெடக்கறதுக்கு இவ ஒரு சாக்கு."

அவள்தான் நூரு. உங்கள் ஒரே மகள். உடம்பு வளர்ந்தது, மனது நாலைந்து வயதில் நின்றுவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய உங்கள் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே மௌத்தாகிவிட, நீங்கள் புர்காவும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்து அவளை வளர்த்தீர்கள். நபி பெருமானார் ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளைகள் முதுகில் ஏறுவார்களாம், இறங்கும்வரை பெருமானார் தலையைத் தூக்க மாட்டார்களாம் என்று பயான் பேச்சில் கேட்கும்போதெல்லாம் எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரும். அந்தக் காட்சியை நான் தினமும் எதிர்வீட்டில் பார்க்கிறேனே. ஆனால் அந்தப் பேரப்பிள்ளைகள் நூரு கனம் இருந்திருக்க மாட்டார்கள்.

அவள் உங்களைத் தவிர வேறு யார் முதுகிலும் ஏறியதில்லை. விளக்கணைந்தால் உங்கள் முந்தானை கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருமுனைவரை கேட்கும் அவள் குரல்.

பிறைச் சண்டையில் நீங்களும் என் வீட்டுக்காரரும் போட்ட போடு இந்தப் படிக்கட்டுக்கே தெரியும். அவர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். நாலு நாட்டுக் கப்பல் பார்க்கிறவர் என்று ஒரு எண்ணம். எங்கள் பள்ளியில் வெளிநாட்டில் பிறை தெரிந்த சேதி வந்ததும் நோன்பு. உங்கள் பள்ளியில் நம் ஊர்ப்பக்கம் கண்ணால் பார்த்தால்தான் நோன்பு. அதனால் பல வருடம் எங்கள் வீட்டில் ஒருநாள் முன்னே, உங்கள் வீட்டில் ஒருநாள் பின்னே.

"லோகத்துல எங்க பிறை தெரிஞ்சாலும் பிறைதான் லாத்தா" என்பார் அவர்.

"அப்ப லோகத்துல எங்க பாங்கு சொன்னாலும் நோம்பு தொறந்துடுவியா நைனா?" என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பீர்கள். அன்று முழுதும் அவர் பதில் யோசித்துக்கொண்டிருப்பார். இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்களுக்குப் பெருநாள் என்றால் அன்று உங்களுக்குக் கடைசி நோன்பு. நோன்பாளி மூக்குக்குப் போகக்கூடாதென்று நான் கதவு, சன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு வியர்த்து ஊற்ற பிரியாணிக்குத் தம் போடுவேன். எதிர்வீட்டிலிருந்து நீங்கள் குரல் கொடுப்பீர்கள். "ஏ ஜெய்னா, எறக்குடி. அடி புடிக்கிற வாசன வந்துகினு கீது." கதவைத் திறந்து பார்த்தால் சொன்னது சரியாக இருக்கும். உங்கள் பங்கு நோன்பு திறக்கும் நேரத்துக்கு வந்துவிடும். மறுநாள் உங்கள் வீட்டு சேமியா எங்களுக்கு.

எங்கள் இருபத்தேழாம் இரவு அன்று நீங்கள்தான் எங்கள் வீட்டில் விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சமையலைப் பார்த்துக்கொண்டீர்கள். "எனுக்கு இன்னிக்கு இருபத்தாறுதான, நான் சும்மாதான் கீறேன், நீ போ" என்று என்னைத் தள்ளி அனுப்புவீர்கள். நான் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் தெருக்கோடி ஆலிமா வீட்டு மாடிக்குப் போவேன். அங்கே பெண்கள் கூடி விடிய விடியத் தொழுவோம், ஓதுவோம், அல்லா பேரைச் சொல்லித் திக்ர் செய்வோம். ஸஹருக்கு முன்னால் ஆலிமா துஆ கேட்பார். ஆமீன் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் தொண்டை கம்மிவிடும். முதல் நாள் எங்களோடு, மறுநாள் உங்கள் பிறைக்காரப் பெண்களோடு என்று இரண்டு இரவும் அந்த மாடி நிறையும். ஆலிமா யாரையும் எந்தப் பிறை என்று கேட்டதில்லை.

உங்களுக்கு மட்டும் அந்த மாடி கிடைக்கவில்லை. ஒரு வருடம் நூருவையும் அழைத்துப் போனீர்கள். எல்லாரும் ஸஜ்தாவில் இருக்கும்போது அவள் உங்கள் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தாள். தொழுகை முடிந்ததும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டீர்கள். அதற்கப்புறம் உங்கள் பெரிய இரவெல்லாம் வீட்டுக்குள்தான். அதுவும் துண்டு துண்டாக. இரண்டு ரக்அத் தொழுதால் தண்ணீர் கேட்பாள், ஒரு பக்கம் ஓதினால் கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டும்.

என் மகள் கல்யாணமாகி மீஞ்சூருக்குப் போன வருடத்து ரமளான் அது. நாம் இருவரும் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தோம். நூரு புதினாவை ஆய்கிறேன் என்று இலையைக் கீழே போட்டுக் காம்பைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் திடீரென்று சொன்னீர்கள்.

"ஒரே ஒரு ராத்திரி முழுசா வேணும் ஜெய்னா. இஷாலேர்ந்து ஃபஜ்ரு வரிக்கும். ஒடையாம."

"அப்டி இன்னா கேக்கப்போறீங்க?"

நூருவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினீர்கள். "எனுக்கப்பால இவளுக்கு யாருன்னு கேக்கணும்."

"அத்த எப்ப வேணா கேக்கலாமே. அஞ்சு வேளையும் தொழறீங்க."

"அஞ்சு வேளையும் முதுகு மேல கீறாளே. மேல கீறவளுக்குத் தெர்யாம எப்டி கேக்குறது? வாயத் தொறக்க வேணாம், மனசுல நெனச்சாலே இவளுக்குத் தெர்ஞ்சிடும். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குமில்ல, அது இவ வயித்துல இடிக்கும். அன்னிக்கி முழுக்க சோறு துன்ன மாட்டா."

வெங்காயம் நறுக்கும்போது நடந்த பேச்சு என்பதால் நம் இருவர் கண்ணீருக்கும் ஒரு சாக்கு கிடைத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"லாத்தா, உங்களுக்கு இருபத்தேழு வரும்போது எனக்கு இருபத்தெட்டு. என் பெரிய ராத்திரி முந்தின நாளே முடிஞ்சிடும். ஊட்ல மகளும் இல்ல. நான் நூருவப் பாத்துக்கறேன், நீங்க போங்க."

"அவ யார்கிட்டயும் இருக்க மாட்டாடி."

"இருக்கலன்னா நான் கத்தறேன், நீங்க எறங்கி வாங்க. நாலு ஊடு தள்ளித்தான மாடி."

நீங்கள் சம்மதிக்கிற மாதிரி முகத்தை வைத்தீர்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஆனா ஒண்ணு லாத்தா. எங்க பிறை சரின்னு வெச்சிக்கோங்க. அப்ப நீங்க போற ராத்திரி வெறும் இருபத்தெட்டுதான? கேக்குறது வீணாப்போயிடுமே" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "எந்த ராத்திரின்னு அல்லா நபிக்கே மறக்கடிச்சி ஒளிச்சி வெச்சிட்டான். உன் வூட்டுக்காரன் மட்டும் கண்டுபுடிச்சிட்டானா? தேடுறவங்களுக்குக் குடுப்பான். நான் தேடிகினுதான் போறேன். வெங்காயத்த நறுக்கு."

உங்கள் இருபத்தாறாம் நோன்பைத் திறந்து, கஞ்சி குடித்து, குளித்துவிட்டு வந்தீர்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, காது மடலில் அத்தர் தொட்டுக்கொண்டீர்கள். நூரு பார்த்தாள்.

"எங்க போற?"

"அல்லாகிட்ட ஒண்ணு கேக்கப் போறேன். ஜெய்னாகூட குந்திகினு இரு. உனுக்கு எதுனா கேக்கணுமா?"

நூரு நன்றாக யோசித்துவிட்டு, "பலூன்" என்றாள்.

"ரெண்டாவதா கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினீர்கள். அல்லாவிடம் போகிறவர் கையில் பலூனுக்கு ஆர்டர் கொடுத்து அனுப்பிய வீடு அது ஒன்றுதான் இருக்கும்.

கொஞ்ச நேரம் நல்லபடியாகத்தான் போயிற்று. வளையல் போட்டேன், கழற்றினேன். மருதாணி வைத்தேன், காய்வதற்குள் என் முகத்தில் தேய்த்தாள். அப்புறம் கதவருகில் போய் நின்றுவிட்டாள். "அம்மா" என்று மெதுவாக ஆரம்பித்தாள். அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். மாடியில் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பீர்கள் என்பதும் தெரியும். சட்டென்று அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இறங்கிவிட்டேன்.

பெரிய இரவில் நம் தெருவைப் பார்க்க வேண்டுமே. பள்ளிவாசலிலிருந்து தெருமுனைவரை சீரியல் விளக்கு. தொப்பி போட்ட பொடியன்கள் தொழுகைக்கும் ரோஸ்மில்க் கடைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் வெந்நீர் கொதிப்பது நிற்கவே இல்லை. பலூன்காரரும் இருந்தார். சிவப்பில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "அல்லா குட்த்தாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் இல்லையே.

முனையில் பிலோமினா மீன் அன்னக்கூடையோடு காசிமேட்டுக்குப் போக ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். நம் கட்டிடத்துக் கீழ்வீட்டு பிலோமினாவைத்தான் சொல்கிறேன். நூருவைப் பார்த்ததும் அவளுக்குக் குஷி.

"இன்னாடி நூரு, பலூனும் கையுமா மாப்ள பாக்கக் கெளம்பிட்டியா? என்கூட வா. உன்ன ஏலத்துல வுட்டா வஞ்சிரம் வெலைக்குப் போவ."

"வரேன்" என்று கூடைக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள் நூரு.

"ஐய, நெஜமாவே வரா பாரு" என்று பிலோமினா கூடையைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு என்னிடம், "இன்னா பாயம்மா, நேத்தும் முழிச்சிகினு இருந்தீங்க, இன்னிக்கும் முழிச்சிகினு கீறீங்க?" என்றாள்.

"நேத்து எனக்குப் பெரிய ராத்திரி. இன்னிக்கு லாத்தாவுக்கு."

"நல்லா கீதே உங்க கத. மீன்காரிக்கு தெனிக்கும் முழிப்புதான். எந்த ராத்திரி பெருசுன்னு எங்க சாமி இதுவரிக்கும் சொல்லவே இல்ல" என்று சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். நூரு ஆட்டோ மறையும்வரை கையாட்டினாள். அந்தச் சிரிப்போடு அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பலூனோடு அவளைப் பாயில் உட்கார வைத்தேன். இருபத்தெட்டாக இருந்தால் என்ன, முழித்திருக்கிற இரவை ஏன் விட வேண்டும் என்று உங்கள் தொழுகைப் பாயிலேயே இரண்டு ரக்அத்துக்குத் தக்பீர் கட்டினேன். முதல் ஸஜ்தாவுக்குப் போனேன். நெற்றி தரையைத் தொட்டதுதான் தாமதம், முதுகில் ஒரு சிமெண்டு மூட்டை இறங்கியது.

லாத்தா, நீங்கள் எத்தனை வருடம் அதைத் தாங்கினீர்கள் என்று அன்றுதான் என் இடுப்புக்குத் தெரிந்தது. முட்டி இரண்டும் இப்போது போகும் அப்போது போகும் என்கிறது. எழுந்தால் விழுவாள். சிரித்தால் தொழுகை போய்விடும். பலூன் என் காதோரம் கீச்கீச்சென்று உரசுகிறது. அவள் கன்னத்தைத் தோளில் வைத்து, உங்களிடம் முனகும் அதே பாட்டை முனக ஆரம்பித்தாள். நான் சுப்ஹான ரப்பியல் அஃலா என்று சொல்கிறேன், சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருக்கிறேன். என் ஆயுளில் அவ்வளவு நீளமான ஸஜ்தா செய்ததில்லை.

ஒருவழியாக இறங்கினாள். மிச்சத்தை முடித்து ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினால், வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். செருப்பு கையில்.

"இன்னா லாத்தா, பாதியில வந்துட்டீங்க? அவ அழக்கூட இல்லையே" என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அங்க ஸஜ்தாவுல கெடந்தா முதுகு சும்மா கீது. சும்மா கீற முதுக வெச்சிகினு ஒண்ணும் கேக்க வர்ல. இவ இன்னா பண்றாளோன்னு..." என்று இழுத்து நிறுத்திவிட்டு நூருவைப் பார்த்தீர்கள். அவள் உங்களிடம் ஓடி வரவில்லை. பலூனைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தீர்கள். என் துப்பட்டி தலையிலிருந்து நழுவி, கன்னத்தில் மருதாணியோடு, முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏறினாளா?" என்று கேட்டீர்கள்.

"ஏறினாளாவா? என் இடுப்பக் கேளுங்க."

அப்படியே திரும்பி, படியிறங்கிப் போய்விட்டீர்கள். "லாத்தா" என்று கூப்பிட்டேன். நிற்கவில்லை. உங்களுக்கு மட்டும் உரிய இடத்தில் நான் குனிந்துவிட்டேனோ, மனது நொந்து போகிறீர்களோ என்று ஸஹர்வரை அதே யோசனை. நூரு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அது அவள் அம்மாவின் முந்தானை இல்லை என்பதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை.

ஃபஜ்ர் முடிந்து வெளுக்கும்போதுதான் வந்தீர்கள். துப்பட்டியெல்லாம் கசங்கி, கண் வீங்கி, ஆனால் முகம் கழுவி வைத்த எவர்சில்வர் குடம்போல் இருந்தது. தூங்குகிற நூருவின் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்கல."

"இன்னா லாத்தா இது? இத்தன வருஷம் அதுக்குத்தான..."

"கேக்கறதுக்கு முன்னாடியே குட்த்துட்டான். குட்த்தப்பறமும் குடு குடுன்னு கேட்டாகண்டி மரியாத இல்ல" என்றீர்கள்.

"அப்ப மிச்ச ராத்திரி முழுக்க இன்னா பண்ணீங்க?"

"பாதிக்கு அல்ஹம்துலில்லா சொன்னேன். மீதிக்கு உன் முட்டிக்கு துஆ கேட்டேன்."

"என் முட்டிக்கா?"

"பின்ன? நீ இன்னும் ரொம்ப நாளு குனிஞ்சி நிமிரணுமில்ல."

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். உள்ளபடி சொன்னால், எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. ஏதோ கிண்டல் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

மீதி, போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நீங்கள் தூக்கத்திலேயே போனபோது புரிந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்த உங்கள் தம்பி நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. நூருவின் துணிகளை மூட்டை கட்டி, காரும் கொண்டுவந்திருந்தார். நூரு அழவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்து என் தொழுகைப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். உங்கள் தம்பி கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "இவ இனிமே எந்தப் பிறை?" அழுதுகொண்டிருந்த வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டோம். உங்கள் தம்பி மூட்டையை எங்கள் வீட்டில் இறக்கி வைத்தார். மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறார். நூருவுக்குப் பிடித்த மக்கன்பேடா வாங்கி வருகிறார்.

அதனால்தான் இந்த வருடம் இரண்டு பள்ளியும் ஒரே பிறை சொன்னபோது எனக்கு முகம் வாடியது. எல்லாருக்கும் ஒரே இரவு என்றால் இருபத்தெட்டுக்காரி யார் வந்து நூருவோடு உட்காருவாள்?

நேற்று என் வீட்டுக்காரர் இஷா தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து சீக்கிரமே வந்து நின்றார். "நான் குந்திகினு கீறேன், நீ மாடிக்குப் போ" என்றார். உலகப் பிறைக்காரர் அவர், பெரிய இரவை விட்டுக்கொடுக்கிறார் பாருங்கள். ஆனால் நூரு எனக்கு முன்னால் குளித்து, புது புர்கா போட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வருவது வரட்டும் என்று அழைத்துக்கொண்டு போனேன்.

மாடியில் இரண்டு பிறைக்காரர்களும் ஒன்றாக இருந்ததால் கால் வைக்க இடமில்லை. உள்ளே நுழைந்ததும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திருப்பிப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கிற வயதுப் பெண் ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து, "இங்க வாங்க மாமி. அவங்க நடுவுல குந்தட்டும்" என்றாள். யார் வீட்டுப் பெண் என்று தெரியவில்லை. பிறை ஒன்றானதில் நன்மையும் இருக்கிறது என்று அப்போதுதான் கொஞ்சம் மனது ஒப்பியது.

தொழுகையில் நூரு என் மேல் ஏறினாள். ஏறட்டும். உங்கள் துஆவைச் சுமக்கிற முட்டி, மாடிப்படிக்கு முனகினாலும் ஸஜ்தாவுக்கு முனகுவதில்லை. ஆலிமா துஆவுக்குக் கை ஏந்தி வாயைத் திறப்பதற்குள் நூரு உரக்க "ஆமீன்" என்றாள். ஆலிமாவே சிரித்துவிட்டு, "ஏத்துக்கிட்டான், இனி கேப்போம்" என்றார்.

எல்லாரும் கேட்டார்கள். எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது லாத்தா. நூருவுக்கு முன்னால் இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. உங்கள் கேள்வி அப்படியே என் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். நெஞ்சு படபடத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்காமல் விட்டுவிட்டேன். பயமில்லை. அவன் எப்படிக் கொடுப்பான் என்று நீங்கள் வாசலில் நின்று பார்த்ததை நானும்தானே பார்த்தேன்.

ஆனாலும் மனுஷி மனுஷிதான். அடுத்த தொழுகையில் எல்லாரும் ஸஜ்தாவுக்குக் குனிந்தபோது நான் ஒரு நொடி தாமதித்துக் குனிந்தேன். தொழுகையில் கண்ணை அலையவிடக்கூடாது, தெரியும், அவன் மன்னிப்பான். அந்த ஒரு நொடியில் முன்வரிசை, பின்வரிசை, பக்கத்தில் இடம் விட்ட அந்தப் பெண் என்று மாடியிலிருந்த முதுகையெல்லாம் ஒரு முறை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஜெய்னா